சென்ட்ரிங் இல்லாமல் எழுந்த குவிமாடம்: ரகசியத்தைச் சொல்லாமலே போன புரூனெலெஸ்கி!

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தின் பெயரை போனில் டைப் செய்து பாருங்கள். முதலில் வந்து நிற்கும் படம் பெரும்பாலும் ஒன்றுதான். ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே செம்மண் நிறத்தில் எழுந்து நிற்கும் ஒரு பிரமாண்டக் குவிமாடம். சாந்தா மரியா டெல் ஃபியோரே என்ற பேராலயத்தின் தலை அது. சுருக்கமாக டுவோமோ.

செங்கல்லால் கட்டப்பட்ட குவிமாடங்களில் உலகிலேயே பெரியது இதுதான். கட்டி முடித்து கிட்டத்தட்ட 600 வருடங்கள் ஆகின்றன. ஆனால், இதை எப்படித்தான் கட்டினார்கள் என்ற கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. காரணம், கட்டியவர் ஒரு வரைபடம்கூட விட்டுச் செல்லவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான்.

யார் அவர்? ஏன் அப்படிச் செய்தார்? அதைப் புரிந்துகொள்ள, அவர் 24 வயதில் தோற்ற ஒரு போட்டியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால், ஒரு நகரம் தனக்குத்தானே இழுத்துவிட்டுக்கொண்ட பிரச்சினையைப் பார்த்துவிடலாம்.

கூரை இல்லாமல் நின்ற பேராலயம்

பேராலயத்துக்கு 1296-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. முதல் வடிவமைப்பாளர் அர்னால்ஃபோ டி காம்பியோ. கம்பளித் துணி வியாபாரத்திலும் வங்கித் தொழிலிலும் பணம் கொட்டிய காலம் அது. பக்கத்து ஊர்களான பீசா, சியெனாவின் பேராலயங்களைவிடப் பெரிதாக ஒன்று வேண்டும் என்று ஃபுளோரன்ஸ் ஆசைப்பட்டது.

வேலை நின்று நின்று நடந்தது. நடுவில் ஓவியர் ஜோட்டோ பொறுப்பேற்று மணிக்கூண்டைத் தொடங்கினார். 1348-ல் கொள்ளைநோய் வந்து நகர மக்களில் பெரும் பகுதியைக் கொண்டுபோனது. அதன் பிறகும் ஆசை குறையவில்லை, கூடியது. 1367-ல் இன்னும் பெரிய ஒரு மாதிரியை நகரம் ஏற்றுக்கொண்டது. அதில் இருந்த குவிமாடத்தின் அகலம் சுமார் 44 மீட்டர். வட்டமாகக்கூட இல்லை, எட்டுப் பக்கங்கள். அது தரையிலிருந்து 50 மீட்டருக்கும் மேலே தொடங்க வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி தேவாலயங்களில் சுவரைத் தாங்கிப் பிடிக்க வெளியே நிறுத்தும் கல் முட்டுகளும் இங்கே கூடாது. ஃபுளோரன்ஸ்காரர்களுக்கு அந்த ஸ்டைல் பிடிக்காது.

ஆக, என்ன கட்ட வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. எப்படி என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. சுவர்கள் எழுந்தன. மேலே எட்டுப் பக்க வாய் வானத்தைப் பார்த்துத் திறந்தே கிடந்தது. அந்தப் பிரச்சினையை அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தத் தலைமுறையில் பிறந்தவர்தான் ஃபிலிப்போ புரூனெலெஸ்கி.

நோட்டரி மகன், நகைத் தொழிலாளி

1377-ல் ஃபுளோரன்ஸில் பிறந்தார் புரூனெலெஸ்கி. அப்பா நகரத்தில் மதிப்புள்ள நோட்டரி. மகனும் பத்திரம் எழுதும் தொழிலுக்கே வருவான் என்று அப்பா எதிர்பார்த்திருக்கலாம். பையனுக்கோ கை சும்மா இருக்காது. வரைவது, செதுக்குவது, எந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பது என்றே கவனம் போனது. அப்பாவும் தடுக்கவில்லை. பொற்கொல்லர் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்.

இன்றைக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அன்றைய ஃபுளோரன்ஸில் நகைப் பட்டறை என்பது ஒரு பாலிடெக்னிக் மாதிரி. உலோகத்தை உருக்குவது, வார்ப்பது, கல் பதிப்பது, சிலை செய்வது, கடிகாரத்தின் பல்சக்கரங்களை அமைப்பது வரை அங்கே கற்றுக்கொள்ளலாம். பின்னாளில் அவர் உருவாக்கிய எந்திரங்களின் வேர் இங்கேதான் இருக்கிறது. 1398-ல் பொற்கொல்லர்களையும் உள்ளடக்கிய பட்டு வணிகர் சங்கத்தில் உறுப்பினரானார். கட்டடக் கலையில் மட்டும் அவருக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது.

ஆள் குள்ளம், பார்க்க அழகில்லை என்று பழைய வாழ்க்கை வரலாறுகள் கூச்சமில்லாமல் எழுதிவைத்திருக்கின்றன. கோபக்காரர், யாரையும் எளிதில் நம்பமாட்டார் என்றும் அவற்றிலிருந்து தெரிகிறது.

தோற்றுப்போன அந்தப் போட்டி

1401-ல் ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. பேராலயத்துக்கு எதிரிலேயே இருக்கிறது திருமுழுக்கு ஆலயம். அதற்கு வெண்கலக் கதவுகள் செய்யும் வேலை. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடத் துணியும் பைபிள் காட்சியை எல்லாரும் ஒரே அளவிலான வெண்கலப் பலகையில் செய்து காட்ட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஏழு பேர், நடுவர்கள் 34 பேர்.

கடைசிச் சுற்றில் இருவர் மிஞ்சினார்கள். ஒருவர் புரூனெலெஸ்கி. இன்னொருவர் அவரைவிட ஒரு வயது சின்னவரான லொரென்சோ கிபெர்ட்டி. அவரும் பொற்கொல்லர் பட்டறையிலிருந்து வந்தவர்தான்.

முடிவு என்ன ஆனது என்பதில் இரண்டு கதைகள் உண்டு. தான் ஒருமனதாக ஜெயித்ததாக கிபெர்ட்டி தன் நூலில் எழுதினார். புரூனெலெஸ்கியின் வாழ்க்கையை எழுதிய அந்தோனியோ மனெட்டியோ வேறு மாதிரி சொல்கிறார். இருவரும் சேர்ந்து செய்யட்டும் என்று நடுவர்கள் தீர்ப்பளித்தார்களாம். தனியாகக் கொடுத்தால் செய்கிறேன், இல்லையென்றால் வேண்டாம் என்று புரூனெலெஸ்கி விலகிவிட்டாராம். எப்படியிருந்தாலும், வேலை கிபெர்ட்டிக்குப் போனது.

அந்த இரண்டு பலகைகளும் இன்று ஃபுளோரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. புரூனெலெஸ்கியின் பலகையில் வேகம் அதிகம். தேவதூதர் பாய்ந்து வந்து ஆபிரகாமின் கையைப் பிடிக்கிறார். கிபெர்ட்டியின் பலகை நிதானமானது, நளினமானது. முக்கியமாக, அதற்குச் செலவான வெண்கலம் குறைவு. பணம் கொடுக்கும் வணிகர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே புரிந்திருக்கும்.

கிபெர்ட்டி அந்தக் கதவுகளை முடிக்க இருபது வருடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டார். புகழும் சேர்ந்தது. புரூனெலெஸ்கி அதன் பிறகு சிற்பத்தைக் கிட்டத்தட்ட மூட்டை கட்டிவிட்டார்.

ரோமின் இடிபாடுகளில் என்ன தேடினார்?

தோல்விக்குப் பிறகு அவர் ரோமுக்குப் போனதாக மனெட்டி சொல்கிறார். கூடவே போனவர் நண்பர் டொனாடெல்லோ. பிற்காலத்தில் மாபெரும் சிற்பியாகப் பெயரெடுத்த அதே டொனாடெல்லோதான். அன்றைய ரோம் ஒரு பாழடைந்த நகரம். பழைய சாம்ராஜ்யத்தின் கட்டடங்கள் புல் மண்டிக் கிடந்தன. இரண்டு இளைஞர்கள் மண்ணைத் தோண்டுவதும் தூண்களை அளப்பதுமாகத் திரிந்ததைப் பார்த்த ஊர்க்காரர்கள், புதையல் தேடுகிறவர்கள் என்று நினைத்தார்களாம்.

ஒரு வகையில் அது உண்மைதான். ரோமில் பாந்தியன் இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த கோயில், 43 மீட்டருக்கும் அதிக அகலமுள்ள குவிமாடம். ஆனால், அது கான்கிரீட்டில் வார்த்த வட்டமான குவிமாடம். அந்தக் கான்கிரீட் நுட்பத்தை ஐரோப்பா எப்போதோ மறந்துவிட்டது. ஃபுளோரன்ஸில் திறந்து கிடந்த வாயோ எட்டுப் பக்கம் கொண்டது. பாந்தியனைப் பார்த்து காப்பி அடிக்க வழியில்லை. இவ்வளவு பெரிய இடைவெளியை மூட முடியும் என்ற நம்பிக்கையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு வரலாம்.

கண்ணையும் ஆளையும் ஏமாற்றியவர்

ஃபுளோரன்ஸ் திரும்பிய பிறகு அவர் செய்த ஒரு பரிசோதனை, ஓவியக் கலையின் போக்கையே மாற்றியது. பேராலய வாசலில் நின்றால் எதிரே தெரியும் திருமுழுக்கு ஆலயத்தை ஒரு சிறிய பலகையில் வரைந்தார். பலகையின் நடுவே ஒரு துளை. பலகையின் பின்புறத்திலிருந்து அந்தத் துளை வழியே பார்க்க வேண்டும். எதிரே பிடித்திருக்கும் கண்ணாடியில் ஓவியம் பிரதிபலிக்கும். வானம் வர வேண்டிய இடத்தில் வண்ணம் பூசாமல், மெருகேற்றிய வெள்ளியை வைத்தார். அதில் நிஜ மேகங்கள் நகர்ந்தன. பார்ப்பவர்களுக்கு எது நிஜக் கட்டடம், எது ஓவியம் என்றே குழப்பம்.

தூரம் போகப் போக கோடுகள் ஒரு புள்ளியில் சேரும் என்ற கணக்கை அவர் இப்படிக் கண்முன் நிரூபித்தார். அந்தப் பலகை இன்று இல்லை. அதையும் அவர் எழுதிவைக்கவில்லை. பிறகு 1430-களில் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி என்ற அறிஞர் ஓவியக் கலை பற்றி எழுதிய நூலில்தான் அந்தக் கணக்கு விதிகளாக வந்தது. அந்த நூலின் இத்தாலிய வடிவத்தை புரூனெலெஸ்கிக்கே சமர்ப்பித்தார் அவர்.

ஏமாற்றும் கலை ஓவியத்தோடு நிற்கவில்லை. தன்னுடன் பழகிய ஒரு குண்டுத் தச்சரை, அவர் அவரே இல்லை, வேறு ஆள் என்று நம்பவைத்தாராம் புரூனெலெஸ்கி. நண்பர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு நடத்திய ஒரு பிராங்க். அவமானம் தாங்காமல் தச்சர் ஹங்கேரிக்கே போய்விட்டார் என்று முடிகிறது கதை. ஒரு திட்டத்தை மனதுக்குள் முழுசாக வரைந்து, பிறரைக்கொண்டு துல்லியமாக நடத்திக் காட்டும் திறமை இவருக்கு இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

முட்டையை நிற்க வைக்க முடியுமா?

1418 ஆகஸ்டில் பேராலயக் கட்டுமானக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. குவிமாடத்தைக் கட்ட வழி சொல்பவருக்கு 200 ஃபுளோரின் பொற்காசு பரிசு.

சிக்கல் இதுதான். வளைவான எதைக் கட்டினாலும், அது முடியும்வரை தாங்கிப் பிடிக்க அடியில் மரச் சட்டகம் வேண்டும். கட்டட வேலையில் சென்ட்ரிங் என்று சொல்வோமே, அதேதான். 44 மீட்டர் அகலத்துக்கு, அவ்வளவு உயரத்தில் சென்ட்ரிங் அடிக்க எத்தனை காடுகளை வெட்டுவது? அடித்தாலும் அந்த மரம் தன் எடையையே தாங்குமா? காசு கலந்த மண்ணை உள்ளே மலைபோல் கொட்டி, அதன்மேல் குவிமாடத்தைக் கட்டலாம் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னதாகக் கதை உண்டு. முடிந்த பிறகு காசுக்காக மக்களே மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம்!

சென்ட்ரிங்கே வேண்டாம், கட்டக் கட்டத் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் என்றார் புரூனெலெஸ்கி. எப்படி என்று கேட்டார்கள். சொல்ல மறுத்துவிட்டார். கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். பைத்தியக்காரன் என்று அவரைத் தூக்கி வெளியே கொண்டுபோய் விட்ட சம்பவமும் நடந்ததாம்.

முட்டைக் கதை இங்கேதான் வருகிறது. நூறு வருடங்களுக்கு மேல் கழித்து ஜார்ஜோ வசாரி எழுதியது. ஒரு முட்டையைச் சலவைக்கல் மேல் செங்குத்தாக நிற்க வைப்பவருக்கே வேலையைக் கொடுங்கள் என்றாராம் புரூனெலெஸ்கி. மற்றவர்களால் முடியவில்லை. இவர் முட்டையின் அடியை லேசாகத் தட்டி உடைத்து நிறுத்தினார். இது எங்களுக்குத் தெரியாதா என்று எல்லாரும் சிரித்தார்கள். என் திட்டத்தைக் காட்டினாலும் இதையேதான் சொல்வீர்கள் என்றார் இவர். கொலம்பஸ் பெயரில் இதே கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். நடந்ததோ இல்லையோ, அவருடைய பயம் எது என்பதை இந்தக் கதை சரியாகச் சொல்லிவிடுகிறது.

பேச்சில் மறைத்தாலும், டொனாடெல்லோ, நானி டி பான்கோ என்ற இரு சிற்பிகளின் உதவியோடு சென்ட்ரிங் இல்லாமல் ஒரு செங்கல் மாதிரியைக் கட்டிக் காட்டினார். குழு அசந்துபோனது. ஆனாலும் முழுசாக நம்பவில்லை.

ஒரே பதவி, ஒரே சம்பளம், பழைய போட்டியாளர்

1420-ல் பணி நியமனம் வந்தது. கூடவே ஒரு அதிர்ச்சியும் வந்தது. புரூனெலெஸ்கிக்குச் சமமான பதவியில், அதே மாதம் 3 ஃபுளோரின் சம்பளத்தில், இன்னொருவரும் நியமிக்கப்பட்டிருந்தார். அவர் வேறு யாருமில்லை, லொரென்சோ கிபெர்ட்டிதான். மேஸ்திரி பத்திஸ்தா டி அந்தோனியோ இவர்களோடு மூன்றாவது ஆள்.

19 வருடங்களுக்கு முன் யாருடன் வேலையைப் பகிர மறுத்து விலகியதாகச் சொல்கிறார்களோ, அவருடனேயே இப்போது பகிர வேண்டும். இந்த முறை விலகினால் குவிமாடமே கைவிட்டுப் போகும். புரூனெலெஸ்கி விலகவில்லை. 1420 ஆகஸ்டில் வேலை தொடங்கியது.

ஆனால், சும்மாவும் இருக்கவில்லை. குவிமாடத்தைச் சுற்றி மரச் சங்கிலி பொருத்த வேண்டிய முக்கியமான கட்டத்தில் அவர் திடீரென்று உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். தலையில் கட்டு, வயிற்றில் ஒத்தடம். என்ன செய்வது என்று ஆட்கள் கேட்டு வந்தபோது, அதுதான் கிபெர்ட்டி இருக்கிறாரே என்று அனுப்பிவிட்டாராம். கிபெர்ட்டியால் வேலையை நகர்த்த முடியவில்லை. புரூனெலெஸ்கி எழுந்து வந்து, அதுவரை செய்ததைப் பிரித்து மறுபடி செய்தார். மனெட்டியும் வசாரியும் சொல்லும் கதை இது. இருவருமே புரூனெலெஸ்கியின் ரசிகர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

சம்பளக் கணக்கு மட்டும் கதையல்ல, ஆவணம். 1426-ல் புரூனெலெஸ்கியின் சம்பளம் வருடத்துக்கு 100 ஃபுளோரினாக உயர்ந்தது. கிபெர்ட்டிக்கு அதே மாதம் 3 ஃபுளோரின்தான். அவர் தினமும் கொஞ்ச நேரம் தலைகாட்டினால் போதும் என்றும் முடிவானது.

சரி, எப்படித்தான் கட்டினார்?

அவர் எழுதிவைக்கவில்லை என்றாலும், கட்டடத்தை ஆராய்ந்து பல விஷயங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஒன்று, இது ஒரு குவிமாடம் இல்லை, இரண்டு. உள்ளே சுமார் 2 மீட்டர் தடிமனில் ஓர் ஓடு. அதற்கு வெளியே மெலிதான இன்னோர் ஓடு. இரண்டுக்கும் நடுவே ஆள் நடக்கும் அளவுக்கு இடைவெளி. இதனால் எடை குறைந்தது. மழையும் வெயிலும் உள் ஓட்டைத் தொடாது. வெளியே தெரியும் எட்டு வெள்ளை விலா எலும்புகளோடு, உள்ளே மறைந்திருக்கும் பதினாறும் சேர்ந்து இரண்டு ஓடுகளையும் பிணைக்கின்றன.

இரண்டு, மறைந்திருக்கும் வட்டம். வட்டமான குவிமாடத்தில் ஒவ்வொரு செங்கல் வரிசையும் ஒரு முழு வளையம். வளையம் முடிந்ததும் கற்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும், விழாது. எட்டுப் பக்க வடிவத்தில் மூலைகள் இந்தப் பிடிப்பைக் கெடுக்கும். உள் ஓடு தடிமனாக இருந்ததால், அந்த எட்டுப் பக்கத் தடிமனுக்குள்ளேயே ஒரு முழு வட்டம் அடங்கிவிடுகிறது. வெளியே பார்க்க எட்டுப் பக்கம், வேலை செய்வது வட்டம்.

மூன்று, மீன்முள் அடுக்கு. மேலே போகப் போக செங்கல் வரிசை உள்நோக்கிச் சாயும். உச்சியை நெருங்கும்போது ஈரச் சாந்தின் மேல் வைக்கும் செங்கல் வழுக்கிக்கொண்டு கீழே விழ வேண்டியதுதான். அதனால் படுக்கையாக வைக்கும் செங்கற்களுக்கு நடுவே, குறிப்பிட்ட இடைவெளியில் சிலவற்றைச் செங்குத்தாக நிறுத்தினார். அவை புத்தகத் தாங்கிகளைப் போல மற்றவற்றைப் பிடித்துக்கொண்டன. செங்குத்துச் செங்கற்கள் வரிசைக்கு வரிசை நகர்ந்து மேலே சுருளும்போது, மீன்முள் போல ஒரு வடிவம் வரும்.

நான்கு, சங்கிலிகள். எந்தக் குவிமாடமும் தன் எடையால் அடிப்பக்கம் வெளியே விரியப் பார்க்கும். பீப்பாய்ப் பலகைகளை இரும்பு வளையம் இறுக்கிப் பிடிப்பதுபோல, மணற்கல் தூண்டுகளை இரும்பால் பிணைத்த வளையங்களைச் சுவருக்குள் பதித்தார். ஒரு மர வளையமும் உண்டு. வெளியே முட்டுக் கொடுக்க வேண்டிய வேலையை இவை உள்ளேயே மறைந்து செய்கின்றன.

இவ்வளவு தெரிந்தும், எட்டுப் பக்கங்களும் வளைந்து சென்று உச்சியில் சரியாகச் சேர்வதை, ஆகாயத்தில் எதை வைத்து அளந்து சரிபார்த்தார் என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

மாடு சுற்றிய எந்திரம்

40 லட்சத்துக்கும் அதிகமான செங்கற்கள் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. கல், சாந்து, மரம் தனி. இத்தனையையும் மேலே கொண்டுபோக வேண்டும். இதற்காக 1421-ல் ஒரு பாரந்தூக்கியை உருவாக்கினார் புரூனெலெஸ்கி. கீழே மாடுகள் செக்கு போலச் சுற்றி வரும். பாரத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். இதில் உள்ள ஸ்பெஷல், ரிவர்ஸ் கியர். பாரத்தை மேலே ஏற்றினாலும் கீழே இறக்கினாலும், மாடுகள் ஒரே திசையில் நடந்தால் போதும். ஒவ்வொரு முறையும் மாட்டை அவிழ்த்துத் திருப்பிக் கட்ட வேண்டிய நேரம் மிச்சம்.

உச்சி வேலைக்கு வந்த கொத்தனார்களுக்கு, கீழே பார்த்துத் தலைசுற்றாமல் இருக்கத் தடுப்புகள் அமைத்தார். சாப்பாட்டுக்காக இறங்கி ஏறி நேரம் போகக் கூடாது என்று மேலேயே சமையல் கடைகளுக்கு ஏற்பாடு செய்ததாக வசாரி எழுதுகிறார். தொழிலாளர் மீதான கரிசனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களை நீக்கிவிட்டு வெளியூர் ஆட்களை வைத்தார், திரும்பி வந்தவர்களைக் குறைந்த கூலிக்கே சேர்த்துக்கொண்டார் என்பதும் அதே வசாரி சொல்வதுதான்.

சறுக்கிய இடங்கள்

எல்லாமே வெற்றிதானா? இல்லை. 1421-ல் ஆர்னோ ஆற்றில் சலவைக்கல் ஏற்றிவர ஒரு புதுவகைக் கப்பலை வடிவமைத்தார். யோசனையை யாரும் திருடிவிடுவார்கள் என்பதால் பாதுகாப்புக் கேட்டார். நகர ஆட்சி அவருக்கு மூன்று வருடத் தனியுரிமை கொடுத்தது. அவரைப் பார்த்து வேறு யாராவது அப்படியொரு கப்பலை ஓட்டினால் எரித்துவிடலாம்! உலகின் ஆரம்பகாலக் காப்புரிமைகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். சில வருடங்கள் கழித்து, குவிமாடத்துக்கான சலவைக்கல்லோடு அந்தக் கப்பல் ஆற்றில் மூழ்கியது. அவருடைய பணமும் சேர்ந்து மூழ்கியது.

1430-ல் லுக்கா நகரத்தோடு போர். ஆற்றைத் தடுத்து, எதிரி நகரத்தைத் தண்ணீரில் சூழவைக்கத் திட்டம் போட்டார். தண்ணீர் திரும்பி வந்து ஃபுளோரன்ஸ் படையின் முகாமையே நனைத்தது.

1434 இன்னும் மோசம். கல், மர வேலைக்காரர் சங்கத்துக்குச் சந்தா கட்டவில்லை என்று அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய கல் வேலையை நடத்தும் ஆள், கல் வேலைக்காரர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை! கட்டுமானக் குழு தலையிட்ட பிறகே வெளியே வந்தார். அதே வருடத்தில் வீட்டிலும் ஓர் அடி. திருமணம் செய்துகொள்ளாத அவர், புஜ்ஜானோ என்று அழைக்கப்பட்ட ஒரு சிறுவனைத் தத்தெடுத்துச் சிற்பியாக வளர்த்திருந்தார். இளைஞனாகிவிட்ட அந்த மகன், அவருடைய பணத்தையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு நேப்பிள்ஸுக்கு ஓடிவிட்டார். போப் நான்காம் யூஜீன் வரை விஷயம் போய், கடிதம் எழுதித்தான் திரும்ப வரவழைத்தார்கள்.

இந்த வருடங்களிலேயே வேறு கட்டடங்களும் எழுந்துகொண்டிருந்தன. பட்டு வணிகர் சங்கத்துக்காகக் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம், மெதிச்சி குடும்பத்துக்காக சான் லொரென்சோ தேவாலயம். மெல்லிய தூண்கள், அரைவட்ட வளைவுகள், அலங்காரம் குறைந்த சுவர்கள். மறுமலர்ச்சிக் கட்டடக் கலை என்று பிறகு பெயர் பெற்றது இதைத்தான்.

140 வருடக் காத்திருப்பு

1436 மார்ச் 25. அன்றைய ஃபுளோரன்ஸின் புத்தாண்டு நாள். போப் நான்காம் யூஜீன் நேரில் வந்து பேராலயத்தை அர்ப்பணித்தார். இசையமைப்பாளர் கியோம் டுஃபே இதற்கென்றே ஒரு பாடலை உருவாக்கினார். அடிக்கல் நாட்டி 140 வருடங்கள் ஆகியிருந்தன. அதே ஆகஸ்டில் குவிமாடம் மூடப்பட்டது. வேலை தொடங்கி 16 வருடங்களில், சென்ட்ரிங் இல்லாமல்.

இப்போதாவது முழு நம்பிக்கை வந்ததா? உச்சியில் வைக்க வேண்டிய லாந்தர் என்ற சலவைக்கல் மாடத்துக்கு மறுபடியும் போட்டி வைத்தார்கள். கிபெர்ட்டியும் மாதிரி கொடுத்தார். இந்த முறை ஜெயித்தது புரூனெலெஸ்கி. அப்போதும் பழைய குணம் போகவில்லை. தன் மாதிரியில், உச்சிக்கு ஏறும் படி எங்கே இருக்கிறது என்று தெரியாதபடி ஒரு மரத்துண்டால் மறைத்துவைத்தாராம்.

லாந்தரின் வேலை தொடங்கிய 1446-லேயே, ஏப்ரல் 15 அன்று அவர் இறந்தார். வயது 69. லாந்தர் முழுமையானதை அவர் பார்க்கவில்லை. பேராலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யும் அபூர்வ கௌரவத்தை நகரம் அவருக்குக் கொடுத்தது. பிறகு அந்தக் கல்லறை எங்கே என்பதே மறந்துபோனது. 1972-ல் தரைக்கு அடியில் அகழாய்வு செய்தபோதுதான் மீண்டும் கிடைத்தது.

மறைத்ததால் கிடைத்தது என்ன?

சியெனாவைச் சேர்ந்த தக்கோலா என்ற பொறியாளரிடம் புரூனெலெஸ்கி சொன்ன ஒரு அறிவுரை பதிவாகியிருக்கிறது. கண்டுபிடிப்புகளைப் பலரிடம் சொல்லாதே என்பதே அதன் சாரம். புதிதாக ஒன்றைச் சொன்னால் முதலில் கேலி செய்வார்கள், பிறகு அதையே தங்களுடையது என்பார்கள் என்பது அவர் எண்ணம். அவர் கண்ட உலகம் அப்படித்தான் இருந்தது. ஒரு கதவு வேலை கைநழுவிப்போனதும், ஒரு பதவியைப் போட்டியாளரோடு பகிர நேர்ந்ததும் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

அதற்கு விலையும் உண்டு. அவருடைய எந்திரங்கள் எப்படி இருந்தன என்பதே, தக்கோலாவும் பின்னால் வந்த லியோனார்டோ டா வின்சியும் வரைந்த படங்களால்தான் நமக்குத் தெரிகிறது. 1471-ல் லாந்தரின் உச்சியில் செம்புக் கோளத்தை ஏற்றியது வெரோக்கியோவின் பட்டறை. அங்கே பயிற்சியில் இருந்த இளைஞர் லியோனார்டோ. புரூனெலெஸ்கியின் பாரந்தூக்கிகளை அவர் தன் நோட்டில் வரைந்துவைத்தார். எதை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தாரோ, அதை ஒருவர் பார்த்து வரைந்ததால்தான் அது பிழைத்தது.

இன்று டுவோமோவுக்குப் போகிறவர்கள், இரண்டு ஓடுகளுக்கும் நடுவே உள்ள குறுகிய வழியில் 463 படிகள் ஏறி உச்சிக்குப் போகலாம். போகும் வழியில் சில இடங்களில் மீன்முள் செங்கல் வரிசையைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். உள்பக்கக் கூரையில் விரியும் இறுதித் தீர்ப்பு ஓவியம் 1570-களில் வசாரியும் சுக்காரியும் தீட்டியது. வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்புச் சலவைக்கல் பளபளக்கும் முகப்போ 19-ம் நூற்றாண்டில் வந்தது. குவிமாடத்தில் நூற்றாண்டுகளாக விரிசல்களும் இருக்கின்றன. அவற்றைக் கருவிகள் பொருத்தித் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள்.

கீழே இறங்கி, பேராலயத்தின் தெற்குப் பக்கம் போனால், ஒரு கட்டடத்தின் முகப்பில் புரூனெலெஸ்கியின் சிலை உட்கார்ந்திருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் வைத்தது. தலையை நிமிர்த்தி, தான் கட்டிய குவிமாடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மடியில் குவிமாடத்தின் வரைபடம் விரிந்திருக்கிறது. நிஜத்தில், அப்படியொரு வரைபடம் இதுவரை யார் கைக்கும் கிடைக்கவில்லை.